வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். எந்த நிறுத்தத்திலிருந்து வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி எழுதியே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் எதையும் நேரத்தோடுதான் சொல்வார். "நாலு இருபதுக்கு சிலிண்டர் வந்துச்சு", "ஏழு பத்துக்கு உங்க அத்தை போன் பண்ணினா" என்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம், நெஞ்சு வலிக்கிறது என்று முதலில் போன ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட நேரத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றிரவு அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லால்குடி வீட்டிலிருந்து சைக்கிளில் பால் வாங்கப் போனவர், திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சின் நடுவில் கல் வைத்த மாதிரி இருக்கிறது, இடது தோள்பட்டை இழுக்கிறது என்றிருக்கிறார். அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குறையவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் அருகிலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல் என்றார்கள். விரலில் குத்தி ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு சொட்டு ரத்தம் விட்டார்கள். கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரியே இருக்கும், அதேபோல்தான் கோடு விழும். ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால் உண்டு. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே கோடு. "ட்ரோபோனின் நெகட்டிவ், ஹார்ட்ல ஒண்ணுமில்லை, வாய்வுதான்" என்று சொல்லி ஒரு கேஸ் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா எனக்கு போன் பண்ணிச் சொன்னபோது நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். ரத்தத்திலேயே பார்த்துவிட்டார்களே, அப்புறம் என்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

இரவு பதினோரு மணிக்கு மறுபடியும் வலி. வேர்த்துக் கொட்டி பனியன் நனைந்துவிட்டது. "ஊசி போட்டிருக்காங்கல்ல, சரியாயிடும், பாப்பாவ எழுப்பாத" என்று அம்மாவைத் தடுத்திருக்கிறார். அட்டையில் விழுந்த அந்த ஒற்றைக் கோடு கொடுத்த தைரியம் அது. விடியற்காலை நாலரைக்கு அம்மா பொறுக்க முடியாமல் எனக்கு அடித்தாள். நான் திருச்சியிலிருந்து கிளம்பிப் போய் அவரைக் கூட்டி வந்து, டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி ஆறே கால்.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஐயா, வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"நேத்து சாயங்காலம் நாலரைம்மா. பால் கடையில சில்லறை வாங்கும்போது மணி பாத்தேன்."

பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். அட்டைப் பரிசோதனை ஐந்து ஐம்பதுக்கு. வலி வந்து ஒரு மணி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நேரத்துல அதுல தெரியாதும்மா. நெகட்டிவ்னு வந்தது தப்பில்ல. அதோட நிறுத்தினதுதான் தப்பு" என்றார். இந்த வாக்கியம் எனக்குள் இறங்க இரண்டு நாள் ஆனது. அதை முடிந்தவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ட்ரோபோனின் என்பது தசை சுருங்கி விரிவதை நடத்தும் புரதம். இதயத் தசையில் இருப்பது தனி ரகம், கைகால் தசையில் இருப்பதிலிருந்து பிரித்து அடையாளம் காணலாம். அது செல்லுக்குள்ளேதான் இருக்கும். ரத்தக் குழாய் அடைத்து, தசைக்கு ரத்தம் போகாமல், செல் சாக ஆரம்பித்தால் அது வெளியே கசியும். கசிந்தது ரத்தத்தில் கலந்து, நாம் கையில் ஊசி குத்தி எடுக்கும் சாம்பிளில் தெரிய நேரம் பிடிக்கும். மொட்டை மாடித் தொட்டியில் விரிசல் விட்ட உடனே கீழ் அறைச் சுவரில் ஈரம் தெரிவதில்லை, அதுபோல. பழைய முறை கிட்டுகளில் தெரிய மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் வரை ஆகலாம். இப்போது பெரிய லேப்களில் செய்யும் ஹை சென்சிட்டிவிட்டி முறை ரொம்பச் சின்ன அளவையும் பிடித்துவிடும் என்பதால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்திலேயே தெரியும். உச்சத்துக்குப் போக அரை நாளிலிருந்து ஒரு நாள். அப்புறம் மெல்ல இறங்கி, ஒன்று இரண்டு வாரம் வரைகூட ரத்தத்தில் தங்கியிருக்கும்.

ஆகவே ஒரு சாம்பிளை மட்டும் வைத்து, அதுவும் வலி வந்த ஒரு மணி நேரத்தில் எடுத்ததை வைத்து, ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. முதல் சாம்பிள் எடுத்து, முறையைப் பொறுத்து ஒன்று, இரண்டு, அல்லது மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது எடுத்து, நடுவில் ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. வலி வந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்து, ஹை சென்சிட்டிவிட்டி முறையில் முதல் எண்ணே மிக மிகக் குறைவாக இருந்தால் ஒரே சாம்பிளோடு முடிவு சொல்வதும் உண்டு. அங்கேயும் பாருங்கள், நேரம்தான் பேசுகிறது.

அப்பாவுக்கு ஆறரை மணிக்கு எடுத்ததில், ட்ரோபோனினில் டி என்ற வகை, 286. ஒன்பதரைக்கு எடுத்தது 431. அந்த முறையில் 14 வரைதான் நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருந்தது. மாரடைப்புதான். ஆனால் ஈ.சி.ஜி.யில் பெரிய மாற்றம் இல்லாத வகை. அன்று மதியமே ஆஞ்சியோ செய்தார்கள். இதயத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போகும் சர்கம்ஃப்ளெக்ஸ் குழாயில் 95 சதவீத அடைப்பு. ஒரு ஸ்டென்ட். சாதாரண ஈ.சி.ஜி.யில் நெஞ்சின் முன்பக்கம்தான் ஒட்டுகிறார்கள், பின்சுவரில் நடப்பது அதில் சில சமயம் நழுவிவிடும் என்று டாக்டர் விளக்கினார். சந்தேகம் இருந்தால் முதுகுப் பக்கம் ஒட்டியும் எடுக்கலாமாம்.

இதைப் படித்துவிட்டு ஒருவர் தப்பான பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குக் கவலை இருக்கிறது. அதனால் அழுத்திச் சொல்கிறேன். குழாய் முழுசாக அடைத்த மாரடைப்பு பெரும்பாலும் ஈ.சி.ஜி.யிலேயே பளிச்சென்று தெரியும். அப்போது ரத்த ரிப்போர்ட்டுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, டாக்டர்களும் காத்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் விதி. "ட்ரோபோனின் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டுக்காரர்கள் ஊசிக்கோ ஆஞ்சியோவுக்கோ கையெழுத்துப் போடத் தயங்கியதை நான் அந்த வார்டிலேயே பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஈ.சி.ஜி. பதில் சொல்லாத இடத்தில்தான் ரத்தத்தின் வேலை ஆரம்பிக்கிறது.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்காரருக்கும் மாரடைப்பு, வேறு ஊரில் பார்த்து இங்கே அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"உங்கப்பாவுக்கு எவ்வளவு வந்துச்சும்மா?"

"431 க்கா."

"அய்யய்யோ! எங்க வீட்டுக்காரருக்கு 1.8 தான்." அவர் முகத்தில் ஒரு ஆறுதல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவருடைய தாளை வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் நானோகிராம், மில்லிலிட்டருக்கு என்று இருந்தது. எங்களுடையது நானோகிராம், லிட்டருக்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அவருடைய 1.8 எங்கள் கணக்கில் 1,800. போதாததற்கு அங்கே எடுத்தது ட்ரோபோனின் ஐ, இங்கே எடுத்தது ட்ரோபோனின் டி. இரண்டும் வேறு வேறு புரதம், நார்மல் அளவும் வேறு. ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. நான் அந்த அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டையும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அலகு என்ன, எந்த முறை, அந்த லேப் போட்டிருக்கும் நார்மல் வரம்பு எது, சாம்பிள் எடுத்த நேரம் எது, இந்த நாலையும் பார்த்த பிறகுதான் எண்ணுக்கு வருகிறேன். தொடர்ந்து பார்க்க வேண்டிய பரிசோதனைகளை முடிந்தவரை ஒரே லேபில் செய்கிறோம்.

அப்பா வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், அம்மா பத்திரங்கள் வைக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். பெரியப்பாவுடையது. 1987. தாள் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. டைப் அடித்த மூன்று வரிகள், அந்தக் காலத்து ரத்தப் பரிசோதனைகள்: எஸ்.ஜி.ஓ.டி., சி.பி.கே., எல்.டி.எச். மூன்றுக்கும் கீழே சிவப்பு மையில் கோடு. பெரியப்பாவுக்கு அப்போது 41 வயது. அட்மிட் ஆன மூன்றாம் நாள் போய்விட்டார்.

எஸ்.ஜி.ஓ.டி.யை இன்று நாம் ஈரல் பரிசோதனையில்தான் பார்க்கிறோம். ஆனால் மாரடைப்பை ரத்தத்தில் கண்டுபிடிக்க முதலில் கிடைத்த வழியே அதுதான், 1954இல். அது ஈரலிலும் இருக்கிறது, தசையிலும் இருக்கிறது. சி.பி.கே. எந்தத் தசை அடிபட்டாலும் ஏறும். அப்புறம் இதயத்துக்கு நெருக்கமான சி.கே. எம்.பி. வந்தது. ட்ரோபோனினை ஜப்பானில் எபாஷி என்பவர் 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதை மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனையாக ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் காட்டுஸ் குழுவினர் கொண்டுவந்தது 1980களின் கடைசியில். 2000இல்தான் மாரடைப்பு என்பதன் வரையறையையே ட்ரோபோனினை மையமாக வைத்து ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் மாற்றி எழுதின. பெரியப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று அப்பாவுக்குக் கிடைத்தது. அதையும் முதல் ஆஸ்பத்திரியில் பாதியில் நிறுத்திவிட்டார்களே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

சி.கே. எம்.பி.யை இப்போதும் சில இடங்களில் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் என்பதால், ஒரு மாரடைப்பு வந்த அதே வாரத்தில் இன்னொன்று வந்ததா என்று பார்க்க உதவும் என்பார்கள். ட்ரோபோனினையே திரும்ப எடுத்து ஏற்றத்தைப் பார்த்தாலும் அது தெரிந்துவிடும்.

அடுத்தது கொலஸ்ட்ரால். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் எடுத்த எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 94. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "எனக்குக் கொழுப்பே இல்ல, அப்புறம் எதுக்கு இந்த ராத்திரி மாத்திரை?" என்று வீட்டுக்கு வந்து பத்தாம் நாள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினை நிறுத்தப் பார்த்தார். ரிவ்யூவில் டாக்டரிடம் கேட்டேன். மாரடைப்பு வந்தால் ஒரு நாளுக்குப் பிறகு எல்.டி.எல். தானாகவே கொஞ்சம் இறங்கும், அதனால் நாலாம் நாள் எடுத்ததை அவருடைய உண்மையான அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். அதைவிட முக்கியமாக, ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு நார்மல் என்ற வார்த்தையே வேறு. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 100 அவருக்கு இல்லை, 55க்குக் கீழே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அம்மா மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போது 51இல் இருக்கிறது.

ஜூலை மாதம் வேறொரு கதை. அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு தலையணை மூன்றானது. செருப்பு வார் பாதத்தில் பதிந்த தடம் ராத்திரி வரை மறையவில்லை. வயசு, வெயில், சளி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். இந்த முறை நான் காத்திருக்கவில்லை. இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும், என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். 2,340 வந்தது.

ட்ரோபோனின் தசை செத்ததைச் சொல்கிறது என்றால், இது இதயம் படும் பாட்டைச் சொல்கிறது. பாரம் தாங்காமல் இதய அறையின் சுவர் இழுபடும்போது, உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லி இதயமே சுரக்கும் ஹார்மோன் பி.என்.பி. 1988இல் ஜப்பானில் பன்றியின் மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். முதல் 'பி' பிரெய்ன் என்பதைக் குறிப்பது, அப்படிப் பெயரிலேயே மூளை ஒட்டிக்கொண்டது. அதிகம் சுரப்பது இதயத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஹார்மோன் உருவாகும்போது கூடவே பிரியும் துண்டுதான் என்.டி. புரோ பி.என்.பி. மூச்சுத் திணறலோடு வருகிறவருக்கு அது நுரையீரலாலா இதயத்தாலா என்று பிரிக்க இது பெரிய உதவி. திடீர் மூச்சுத் திணறலில் 300க்குக் கீழே இருந்தால் இதயம் செயலிழந்ததால் வந்த திணறலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உண்டு என்று சொல்வதற்கான வரம்பு வயதோடு மாறும்: ஐம்பதுக்குக் கீழே 450, ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வரை 900, அதற்கு மேல் 1,800.

எங்கள் டாக்டர் எண்ணைப் பார்த்ததும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கேட்டார். அப்பாவுக்குப் பதினோரு வருட சர்க்கரை. கிரியாட்டினின் 1.5. சிறுநீரகம் மந்தமானால் இந்த எண் அதனாலேயும் ஏறும். வயதானாலும் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடினாலும் ஏறும். எதிர்ப்பக்கமும் உண்டு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு நோய் இருந்தும் குறைவாகக் காட்டலாம். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம்தான் என்று குறைவாக வந்ததால் அப்பா விஷயத்தில் சந்தேகமில்லாமல் போனது. நீர் பிரியும் மாத்திரையும், சாக்குபிட்ரில் கலந்த புது மாத்திரையும் ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் கழித்து 1,050. தலையணை ஒன்றுக்குத் திரும்பியது.

இதில் ஒரு நுணுக்கம். சாக்குபிட்ரில், உடம்பு பி.என்.பி.யை அழிப்பதைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவருக்கு பி.என்.பி. எடுத்தால் உடம்பு தேறிக்கொண்டிருக்கும்போதும் எண் ஏறியிருக்கலாம். என்.டி. புரோ வகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒருமுறை விலை குறைவு என்று வேறு லேபில் பி.என்.பி. எடுக்க இருந்தோம். அங்கிருந்த லேப் தம்பியே மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, போன தடவை எடுத்ததும் இதுவும் வேற டெஸ்ட், டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அவருக்கு வரவேண்டிய காசை விட்டுக்கொடுத்துச் சொன்ன வார்த்தை அது.

பெரியப்பாவின் ஃபைல் இன்னொரு கதவையும் திறந்தது. டாக்டரிடம் அதைக் காட்டியபோது, "41 வயசா? அப்படின்னா அப்பாவுக்கும் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் லிப்போபுரோட்டீன் ஏ பாத்துடலாம்" என்றார். எல்.டி.எல்.லுக்கு வால் முளைத்த மாதிரி ஒரு கொழுப்புத் துகள் அது. நார்வேயில் பெர்க் என்பவர் 1963இல் கண்டுபிடித்தது. அது எவ்வளவு இருக்கும் என்பதை ஏறக்குறைய முழுக்க மரபணுதான் தீர்மானிக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தாலும் நடந்தாலும் பெரிதாக மாறாது. அதனாலேயே வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறார்கள். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல். உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் இது இருக்காது, தனியாகக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

அப்பாவுக்கு 88. எனக்கு 12. ஓசூரில் இருக்கும் அண்ணனுக்கு 94.

அண்ணனுக்கு 38 வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆள் ஒல்லி. எல்.டி.எல். 142 என்று இரண்டு வருடமாகக் கம்பெனி செக்கப்பில் வந்துகொண்டிருந்தது, "பார்டர்லைன்" என்று விட்டிருந்தான். 94 என்று கேட்ட அன்று இரவு எனக்கு போன் பண்ணி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "பெரியப்பாவுக்கு இதுதான் இருந்திருக்குமோ?" என்று மட்டும் கேட்டான். அதற்கு இனி பதில் கிடைக்காது. அதைக் குறைக்க இப்போதைக்கு எளிய மாத்திரை கிடையாது, ஸ்டாட்டின் அதைக் குறைக்காது. ஆனால் மாற்ற முடியாத ஒன்று இவ்வளவு இருக்கும்போது மாற்ற முடிந்ததையெல்லாம் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எல்.டி.எல்.லுக்கு ஸ்டாட்டின் ஆரம்பித்தான். சிகரெட்டை விட்டுவிட்டான். முதல் மாதம் தடுமாறினான், இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதய நோயில் சின்ன வயதில் யாரையாவது இழந்த குடும்பங்கள் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒரு பரிசோதனையைத்தான்.

அதே சமயம், பேக்கேஜ் என்ற பெயரில் முப்பது நாற்பது பரிசோதனைகளைக் கட்டிக் கொடுப்பதைக் கண்ணை மூடி வாங்க வேண்டாம். வலியே இல்லாத ஆரோக்கியமானவர் வருடா வருடம் ட்ரோபோனின் எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஹை சென்சிட்டிவ் சி.ஆர்.பி. என்பது உடம்புக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டுவது. 1க்குக் கீழே நல்லது, 3க்கு மேல் ஆபத்து கூடுதல் என்பார்கள். ஆனால் பல்வலியோ சளியோ இருக்கும் வாரத்தில் எடுத்தால் அது அந்தப் பல்லைத்தான் காட்டும். என் தோழி ஒருத்திக்கு 11 வந்து, அழுதுகொண்டே டாக்டரிடம் போனாள். காய்ச்சல் விட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்தால் 0.9.

என் பங்குக்கும் ஒன்று. முடி கொட்டுகிறது என்று நான் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், 10 மில்லிகிராம். நம் ஊரில் எத்தனையோ பெண்கள் கடையில் கேட்டே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சில லேப் கருவிகள் ரத்தத்தில் தேடும் பொருளைப் பிடிக்க பயோட்டினையே ஒரு பசை மாதிரிப் பயன்படுத்துகின்றன. நம் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் அந்தப் பிடி விட்டுப்போய், ட்ரோபோனின் இருந்தும் குறைவாகக் காட்டக்கூடும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. தைராய்டு ரிப்போர்ட்டையும் இது குழப்பும். ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் "முடிக்கு மாத்திரை சாப்பிடறேன், கடைசியா இத்தனை மணிக்கு" என்று சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லாத பரிசோதனை என்றால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டு நிறுத்திவிட்டுப் போங்கள். அவசரம் என்றால் சொன்னாலே போதும், டாக்டர் அதை மனதில் வைத்துப் பார்ப்பார்.

லால்குடி வீட்டில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 108 மேலே பெரிதாக. கீழே அப்பாவின் மருந்துகள், ஸ்டென்ட் வைத்த தேதி, கடைசி கிரியாட்டினின், கடைசி என்.டி. புரோ பி.என்.பி., ஒன்றுமில்லாத சாதாரண நாளில் எடுத்த ட்ரோபோனின் டி 19. இந்தக் கடைசி எண்ணுக்கு டாக்டர் சொன்ன காரணம் முக்கியம். சிறுநீரகம் மந்தமாக இருப்பவருக்கும் இதயம் பலவீனமாக இருப்பவருக்கும் மாரடைப்பு இல்லாமலே ட்ரோபோனின் 14ஐத் தாண்டியே நிற்கக்கூடும். அவருக்கு எது வழக்கம் என்று தெரிந்தால் அவசரத்தில் குழப்பம் வராது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் நம்பரையும் எழுதியிருக்கிறேன். 2023 ஜூனில் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு அது தெரியாது.

போன மாதம் ஒரு காலையில் அப்பாவுக்கு இடது பக்கம் சுருக்கென்று வலி. இந்த முறை வாய்வு என்று யாரும் சொல்லவில்லை. 108இல் அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நான் நேராக அங்கே போனேன். ஈ.சி.ஜி. பழையதைப் போலவே இருந்தது. டியூட்டியில் புதிதாக ஒரு இளம் டாக்டர், பரபரப்பாக இருந்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். "வலி 9.10, திண்ணை. வேர்வை இல்லை. கை தூக்கினால் கூடுது" என்று பென்சிலில் எழுதியிருந்தது. பத்தரைக்கு எடுத்த ட்ரோபோனின் 20.

"நார்மல விட லேசா கூட இருக்கே" என்று டாக்டர் யோசித்தார்.

"எனக்கு எப்பவும் 19 தம்பி" என்றார் அப்பா. "ரெண்டாவது ரத்தம் எத்தனை மணிக்கு எடுப்பீங்க? நான் எழுதிக்கணும்."

ஒன்றரைக்கு எடுத்தார்கள். அதுவும் 20. மதியத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள், தோள்பட்டைத் தசைப்பிடிப்புக்கு ஒரு தைலத்தோடு. லால்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டில் அந்த இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதி, கீழே கோடு போட்டு மூடிவைத்தார்.